அரிப்புக்குக் காரணம் உங்கள் பட்டுச்சேலை இல்லை

திருக்காட்டுப்பள்ளி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா மங்களாம்பிகை அவர்களுக்கு, தமிழ்நிலாவின் அப்பா வைரக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. நானும் அவள் அம்மா கண்ணாத்தாளும் நலம். வேதாரண்யத்தில் நீங்களும் மாப்பிள்ளை பரிதியும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

மூன்று வாரமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அது நியாயம்தான். வளைகாப்புக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த பட்டுச்சேலையின் சாயத்தால்தான் நிலாவுக்கு அரிப்பு என்று சொன்னவன் நான். "எங்க சேலையிலயா குத்தம் சொல்றீங்க?" என்று கேட்டுப் போனை வைத்தீர்கள்.

அரிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, ராத்திரியானால் தாங்க முடியாது. சேலையை மடித்து உள்ளே வைத்தோம், போகவில்லை, சோப்பை மாற்றினோம், கண்ணாத்தாள் வேப்பிலை அரைத்துப் பூசியதில் நிலா பச்சையானாளே தவிர அரிப்பு அப்படியே இருந்தது, தண்ணீரில்தான் கோளாறு என்று நான் மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்ததில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் நிலாவே தஞ்சாவூர் டாக்டர் பர்வினிடம் சொன்னாள்.

"இது தோல் வியாதி இல்லைங்க. கல்லீரல்லேர்ந்து பித்தம் சரியா வடியலை. பித்த அமிலம் ரத்தத்துல சேருது. கர்ப்பத்துல சிலருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர்.

"பித்தம்னா எலுமிச்சம்பழச் சாறு குடுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க குடிங்க. பொண்ணுக்கு ரத்தம் எடுக்கணும்."

ரத்தம் சென்னைக்குப் போய் நாலு நாளில் பதில் வந்தது. பத்துக்குள் இருக்கவேண்டியது ஐம்பத்திரண்டு. தாய்க்கு அரிப்போடு போய்விடுமாம், நூறைத் தாண்டினால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்தாம். கண்ணாத்தாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிலாதான், "அப்ப குழந்தையை எந்த வாரத்துல எடுக்கணும் டாக்டர்?" என்று நிதானமாகக் கேட்டாள்.

மாத்திரை கொடுத்தார்கள். வாரா வாரம் பரிசோதனை. போன வாரம் நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. முப்பத்தேழு வாரம் முடிந்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். புதன்கிழமை கிளம்பினால் போதும், அதற்குமுன் வந்து சிரமப்படவேண்டாம்.

சேலையைப் பற்றிச் சொன்னது என் அறியாமை. மன்னிக்கவேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால்தான் எழுத்தில்.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரையும் நாங்கள் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வைரக்கண்ணு

பி.கு.: மறுநாள் புதன்கிழமை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நேற்று சாயங்காலம் வந்த முடிவு நூற்றுப் பதினெட்டு. டாக்டர் காத்திருக்கவில்லை. இன்று காலை ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு, நன்றாக அழுதாள். நிலாவும் நலம். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளை சொல்லி முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றீர்கள். இப்போது பேத்தியோடு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். "யாருக்குங்க சம்பந்தி லெட்டர்?" என்று கேட்டீர்கள். மின்வாரியத்துக்கு என்று சொல்லிவிட்டேன். குழந்தையைத் தொட்டிலில் விட்டதும் உங்கள் கையில் கொடுக்கலாமென்று இருக்கிறேன். இரண்டு மணி நேரமாக நீங்கள் கீழே விடவில்லை.