எடுத்தவர் கையெழுத்து

கையெழுத்துக்காக மனிதனின் உயிரை எடுப்பதில் கடலூர் மாவட்டத்திலேயே எங்கள் கையெழுத்து மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கடலூரில் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் பெரிய டேங்கில் பாக்டீரியா வளர்த்து மருந்துக்கான சரக்கு எடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏணி ஏறி, டேங்கிலிருந்து குப்பியில் சாம்பிள் பிடித்து லேபில் கொடுப்பது என் வேலை. லேப் ஜன்னலில் மேடம் இருப்பார். நோட்டில் 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து இல்லாமல் குப்பியைத் தொடமாட்டார். ஒரு சுழி குறைந்தாலும் திருப்பி அனுப்புவார். கேன்டீன் டீயைக்கூட யார் போட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருமுறை சிதம்பரம் பஸ்ஸில் டிக்கெட்டில் 'கிழித்தவர்' கையெழுத்து எங்கே என்று மேடம் கேட்க, கண்டக்டர் அவரைப் பாதி வழியில் புதுச்சத்திரத்திலேயே இறக்கிவிடப் பார்த்தாராம்.

பிறகு, தானே சாம்பிள் பிடிக்கும் மெஷின் வந்தது. நேரமானால் குழாய் வழியே உறிஞ்சிக் குப்பியில் நிரப்பிவிடும். முழங்கால் தப்பித்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். மேடம் முதல் குப்பியையே திருப்பி அனுப்பினார். மெஷின் எடுத்தது என்றேன்.

"அப்ப அதக் கூட்டினு வா. கையெழுத்து போடட்டும்."

மேனேஜர் வந்து, நீயே போட்டுத் தொலை என்றார். நான் காண்ட்ராக்ட் ஆள், வேலை நிரந்தரமாவதற்குக் காத்திருந்தவன். பேனாவை எடுத்தேன். மேடம் நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீ எடுத்தியா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்குடா போடுற?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேனேஜர் முறைக்கிறார், என் வேலை ஊசலாடுகிறது, இந்த அம்மாவுக்கு இரண்டு அங்குலக் கட்டம்தான் பெரிதாகப் போய்விட்டது. 'மெஷின். ஆள் இல்லை' என்று அவரே சிவப்பு மையில் எழுதி வைத்தார். தினமும் இதே கூத்து. நானும் தினமும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த மாதம் ஒரு பேட்ச் முழுதும் கெட்டுப்போனது. டேங்க் நாறுகிறது, சாம்பிள்களோ எல்லாம் சுத்தம் என்கின்றன. குடைந்து பார்த்தால், குழாயில் தங்கிய பழைய சரக்கையே மெஷின் புதிதுபோலக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழாயைக் கழுவ ஏற்பாடு செய்யாமலே ஓட்டச் சொன்னவர் மேனேஜர். விசாரணையில் அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார். சாம்பிள் எடுப்பது இவன் பொறுப்பாம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேடம் நோட்டைக் கொண்டுவந்து விசாரித்தவரின் மேஜையில் வைத்தார். "எடுத்தவரு யாருன்னு படிங்க சார்."

பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. என் கையெழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை. என் வேலை தங்கியது.

இத்தனை நாள் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேன்டீனுக்குப் போய் நானே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன்.

"யாரு போட்டது?" என்றார்.

பேப்பர் கப்பின் மேல், ஒரு சுழி குறையாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்தவர், அந்தக் கப்பைக் கழுவி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார்.