அப்பா முகத்தில் படித்த அனாட்டமி

முதல் வருஷப் பல் டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டாம் வருஷத்தில் இந்த இனம் கொஞ்சம் அடங்கும். மூன்றாம் வருஷத்தில் பேச்சு குறையும். படித்து முடித்துப் பலகை மாட்டிவிட்டால் கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் பாதி, பதில் வரும். ஆனால் அந்த முதல் வருஷம் இருக்கிறதே, அது வீட்டில் இருப்பவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடையாளம் சொல்கிறேன். கல்லூரிக்குள் போட்டுக்கொள்ளத்தான் அந்த வெள்ளைக் கோட்டு. ஆனால் கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கி, பேக்கரி வழியாக, கோயில் முக்கு வழியாக, தேவையே இல்லாமல் பெரியம்மா வீட்டுத் தெருவையும் ஒரு சுற்று சுற்றி, வீட்டுப் படி ஏறும்வரை அது கழலாது. மழை வந்தால் குடை தலைக்கு அல்ல, கோட்டுக்கு. துவைத்தால் கொல்லைக் கொடியில் காயாது, வாசலில்தான் காயும். தோளில் ஒரு பை. அதற்குள் சீனியர் ஒருவரிடம் இரவல் வாங்கிய எலும்புகள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "பையில என்ன மக்களே?" என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பை மடியில் இருக்கும்.

இன்னொன்று. பல் டாக்டருக்குப் படிக்கிறவளிடம் போய்ப் பல்லைக் காட்டினீர்கள் என்றால் தப்பு உங்கள் மேல். முதல் வருஷத்தில் அவர்களுக்கு ஈரல், இருதயம், மூளை, முழங்கால் எல்லாம் உண்டு. பல் மட்டும் மெழுகுக் கட்டியில் செதுக்குகிற ஒரு சாமானாகத்தான் இருக்கும்.

குளச்சலில் மீன் ஏலம் கூறும் சிலுவைமுத்துவின் வீட்டுக்கு இந்த இனம் வந்து சேர்ந்தது அவருடைய ஒரே மகள் ஜின்சியின் உருவத்தில். சிலுவைமுத்து தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தின் மறுகரையில் நிற்கிற காக்கையும் திரும்பிப் பார்க்கும். வீட்டில் மனுஷன் பூனை. அதிலும் மகள் வாயைத் திறந்துவிட்டால் அப்பா வாயை மூடிவிடுவார்.

கல்லூரியில் சேர்ந்த மாதமே பக்கத்து வீட்டு பிளஸ்ஸி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஜின்சி, கடவாப் பல்லு கொல்லுது. கொஞ்சம் பாரு மக்களே."

ஜின்சி பார்த்தாள். வாயை அல்ல. முதலில் நாடியைப் பிடித்தாள். பிறகு கண் இமையை இழுத்துப் பார்த்தாள். காலைத் தொங்கப்போடச் சொல்லி, அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் துள்ளியது.

"ரிஃப்ளெக்ஸ் நல்லாருக்கு அக்கா."

"அது நல்லாருந்தா பல்லுவலி போவுமா?"

"மூளையிலருந்து அஞ்சாவதா வார நரம்பாக்கும் பல்லுக்குப் போவுது. அது மூணாப் பிரியும். அதுல மூணாவது கிளை இருக்கு பாத்தியளா..."

கிளை பிரிந்து, கிளைக்கும் கிளை பிரிந்து, கடைசியில் பல்லுக்கு வந்து சேர்ந்தபோது பிளஸ்ஸி கேட்டாள்: "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க அக்கா."

வைத்தியம் பலித்தது. பிளஸ்ஸி அதற்குப் பிறகு வரவில்லை.

வெளியாட்கள் தப்பித்துவிடலாம். வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? அம்மா வேளாங்கண்ணி மரச்சீனிக் கிழங்கு தின்னும்போது எந்தத் தசை வேலை செய்கிறது என்று மகள் கன்னத்தில் விரல் வைத்துப் பார்ப்பாள். அயிலை மீன் நறுக்கும்போது எட்டிப் பார்த்து செவுளுக்கும் எலும்புக்கும் பெயர் சொல்வாள். "ஏட்டி, கறிக்கு உப்பும் புளியும் போதும், பேரு வேண்டாம்" என்பாள் அம்மா. அண்ணன் பிரபினின் விரலை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்ததில் அவன் தங்கை வருகிற நேரம் பார்த்து வெளியே போகப் பழகிவிட்டான். சுவை படிக்கும் வாரத்தில் மட்டும் சிலுவைமுத்துவுக்கு யோகம். சர்க்கரை வியாதிக்காரரான அவருடைய நாக்கில் மகளே சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். "இனிக்கா அப்பா?" என்று கேட்டதற்கு, "சரியாத் தெரியல மக்களே, இன்னொருக்க வை" என்றார்.

ஆனால் சிலுவைமுத்துவின் நிஜமான வேலை வேறு. அவர் முகம்தான் மகளுக்குப் பாடப் புத்தகம். தினமும் சாயங்காலம் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு ஜின்சி உட்காருவாள். புத்தகத்தைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்ப்பாள். ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பில் ஒரு ரத்தக்குழாய், நீலத்தில் ஒன்று, மஞ்சளில் நரம்பு. அப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கழுவ மறந்து அந்த மஞ்சளோடேயே விடியற்காலை ஏலத்துக்குப் போய்விட்டார்.

"ஓய் சிலுவ, மூஞ்சில என்ன, நண்டு ஓடியிருக்கா?" என்றார் ஒரு வியாபாரி.

"நரம்பு வே. ஏழாவது நரம்பு. ஒமக்கும் இருக்கு, வெளிய தெரியாது" என்று சொல்லிவிட்டு, அன்று சாளைக் குவியலை அவர் கூறிய குரலில் தனி மிடுக்கு இருந்தது.

மகள் அவர் கன்னத்தில் கைவைத்த முதல் நாளே ஒரு சங்கதியைச் சிலுவைமுத்து கவனித்திருந்தார். அவருடைய இடது கன்னத்தைத் தொட்டு மகள் "வலது" என்றாள். வலது கன்னத்தைத் தொட்டு "இடது" என்றாள். அவருக்குத் திக்கென்றது. சொல்லலாமா என்று வாயெடுத்தார். பிறகு நினைத்தார்: நாம் ஏழாங்கிளாஸ். இவள் இவ்வளவு தடிமனான புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறாள். டாக்டர்மாருக்கு வலது இடது வேறாக இருக்கும். வழக்கு வேறு, தொழில் வேறு. நம்முடைய ஏலத்தில் தலையாட்டினால் ஒரு அர்த்தம், புருவம் தூக்கினால் ஒரு அர்த்தம், வெளியாளுக்குப் புரியுமா?

அப்படியே விட்டுவிட்டார். மாசக்கணக்கில் விட்டதில் அவருக்கே கொஞ்சம் குழம்பிப்போய், பைக்கில் வலது பக்கம் திரும்ப இடது பக்க விளக்கைப் போட்டுப் பின்னால் வந்த மீன் வண்டிக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பரீட்சை வந்தது. எழுத்தில் ஜின்சி நல்ல மார்க். செய்முறையில் அனாட்டமி போயிற்று.

வீடு துக்க வீடானது. "எல்லாம் சொன்னேன் அப்பா. பரிசோதகரு மேல்தாடை எலும்புல பாதியைக் கையில தந்தாரு. எந்தப் பக்கம்னு கேட்டாரு. சொன்னேன். நல்லாப் பாத்துச் சொல்லுன்னாரு. பாத்துட்டு அதையே சொன்னேன். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் சொன்னேன். அவருக்கு என்மேல என்ன விரோதமோ."

தெரிந்த பாடத்தைச் சொல்லத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தப்பான பாடத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முதல் வருஷ டாக்டரால்தான் முடியும்.

துணைத் தேர்வு எழுதலாம் என்றார்கள். அதுவும் போனால் கூடப் படித்தவர்கள் மேலே போக, இவள் தம்பி தங்கை வயசுப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார வேண்டும். ஜின்சி கோட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். பஸ்ஸில் பையைக் காலுக்கடியில் வைத்தாள். வேளாங்கண்ணிக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. "ஏட்டி, வந்து மீனுக்கு ரெண்டு பேராவது சொல்லேன்" என்று அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். மகள் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் சிலுவைமுத்துவுக்குப் பல்வலி வந்தது. துணைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும். தொடர்ந்து கத்திக் கூற முடியாமல் ஏலத்தின் நடுவில் கன்னத்தைப் பிடித்தார். ஜின்சி அவரை டாக்டர் சிந்தியாவின் கிளினிக்குக் கூட்டிப் போனாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று கோட்டு வெளியே வந்தது.

"எந்தப் பல்லு?" என்று டாக்டர் கேட்டதும், அப்பா வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள்: "கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் கடைவாய்ப்பல், டாக்டர்."

டாக்டர் வலது பக்கம் பார்த்தார். கண்ணாடிக் காம்பால் தட்டினார். சிலுவைமுத்து சும்மா இருந்தார்.

"வலிக்கலியா?"

"இல்ல டாக்டர்."

பக்கத்துப் பல்லைத் தட்டினார். இல்லை. அடுத்தது. இல்லை. டாக்டர் ஜின்சியைப் பார்த்தார்.

"வலதுன்னுதானே சொன்ன?"

"ஆமா டாக்டர். கண்டிப்பா வலது." அதே உறுதி.

சரி என்று டாக்டர் இடது பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். சிலுவைமுத்து கூவிய கூவலில் வெளியே காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கம்னு நீங்க சொல்லப்பிடாதா?"

"பிள்ளை வலதுன்னு சொல்லுதா டாக்டர். நான் எப்பிடி மாத்திச் சொல்ல? ஒங்க வலதும் எங்க வலதும் வேறயாக்கும்னு இருந்தேன்."

"எப்பருந்து?"

"அவ படிக்கத் தொடங்குன நாள்லருந்தே இதான் வலது." தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஜின்சியின் கண்முன் அந்த மேல்தாடை எலும்பு வந்து போனது; மூன்று முறை கேட்ட பரிசோதகரும் வந்து போனார். அவர் விரோதி அல்ல. பாவம், மூன்று முறை வாய்ப்புக் கொடுத்த நல்ல மனுஷன்.

"எதிர்ல உக்காந்து படிச்சியா?" என்று டாக்டர் சிரித்துவிட்டார். "எதிர்ல இருக்கவங்களுக்கு வலது, ஒனக்கு இடது பக்கம்லா வரும். எலும்பை ஒன்னைப் பாக்க வைக்காத. நீ பாக்குத தெசையவே அதும் பாக்கணும், ஒன் மூஞ்சில இருக்க மாதிரி. அப்புறம் எந்தக் கைப்பக்கம் வருதுன்னு பாரு."

வீட்டுக்கு வந்ததும் ஜின்சி அப்பாவிடம் கேட்டாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ படிச்ச பிள்ளை மக்களே" என்றார் அப்பா, ஊசி போட்டதில் பாதி மரத்துப்போன வாயால்.

"நான் படிச்சதே ஒங்க மூஞ்சியிலதானே அப்பா."

அந்த ஒரு வாரமும் சிலுவைமுத்து மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பின்தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரைத் தேடி வந்த வியாபாரி, ஏதோ கோபம் என்று நினைத்துத் திரும்பிப் போனார். ஆனால் பழகிய தப்பு லேசில் போகுமா? எலும்பைச் சரியாகத் திருப்பிவிட்டு, பதற்றத்தில் தன் கையிலேயே வலது எது என்று ஜின்சி தடுமாறினாள்.

வேளாங்கண்ணி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஏட்டி, சிலுவை போடுத கை எது? அதாக்கும் வலது. இதுக்குமா புத்தகம் வேணும்?"

பரீட்சை நாளன்று சிலுவைமுத்து ஏலத்துக்கு வேறு ஆளை விட்டுவிட்டுக் கல்லூரி வாசலில் நின்றார். உள்ளே நடந்ததை மகள் வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பரிசோதகர் ஓர் எலும்பைக் கொடுத்தார். ஜின்சி அதைத் தன்னைப்போல் முன்னே பார்க்கத் திருப்பிப் பிடித்தாள். எந்தக் கை என்று தெரிய மெல்ல ஒரு சிலுவை போட்டாள். "இடது" என்றாள்.

"பயப்படாதேம்மா, சரியாத்தான் சொல்றே" என்றார் அவர்.

அடுத்த எலும்பு. அடுத்த சிலுவை. "வலது." அதற்கடுத்த எலும்புக்கும் அவள் கை நெற்றிக்குப் போனபோது பரிசோதகர் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பூசையில் இருப்பவரைப் போலக் கைகளைக் கோத்துக்கொண்டார். இவ்வளவு பக்தியான பிள்ளையை அவர் எந்தக் கல்லூரியிலும் பார்த்திருக்க மாட்டார்.

ஜின்சி தேறினாள். கோட்டு மறுபடி வாசல் கொடிக்கு வந்தது.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். நிஜமான வாய்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மணவாளக்குறிச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருந்தார். ஜின்சி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கண்ணை மூடிச் சிலுவை போட்டாள்.

பெரியவர் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். "மக்களே, மறைக்காம சொல்லு. அவ்வளவு மோசமா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் பல் டாக்டருக்கா படித்தோம், நமக்கென்ன என்கிறீர்கள். போன வாரம் கல்யாண வீட்டில் ஒருவர் நெஞ்சைத் தடவியதும், சாம்பார் வாளியைக்கூட வழிமறித்து நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்ல, வாயுவாக்கும்" என்று அடித்துச் சொன்னது யார்? அந்த வாயு எந்த வழியாக ஏறி எங்கே முட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டியது யார்? முதல் வருஷம் படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதுவும் இல்லை என்றால், இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் நாக்கு ஒரு பல்லைத் தேடிப் போய்த் தடவிக்கொண்டே இருக்கிறதே, அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள். அது எந்தப் பக்கத்துப் பல்?

அவசரப்படாதீர்கள். கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.