மச்சான் பேசிய ஒரே வசனம்

பௌதிகம் ஓராண்டு மட்டும் படித்தவன் கையில் ரேடியோவைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அப்படிக் கொடுத்தது என் கையில்தான்.

அக்கா வீட்டுக்காரர் நாடகப் பைத்தியம். மேற்கு மலை ஏலக்காய்த் தோட்டத்தில் அவருக்கு அப்பா ஒரு கணக்குப்பிள்ளை வேலை பேசி வைத்திருந்தார். மச்சான் நழுவிக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில் ரேடியோ நாடகம் ஒன்றில் வேலைக்காரன் வேஷம் கிடைத்துத் திருச்சிக்குப் போய்விட்டார். ஒரே ஒரு வசனம். (ரேடியோவில் வேஷம் எதற்கு என்று அப்பா கேட்டது நியாயம்தான்.)

அக்கா கெஞ்சியதில் அப்பா சற்று இறங்கி வந்தார். "மாப்பிள்ளை குரல் பெட்டிக்குள்ள நல்லா விழுந்துச்சுன்னா மலைக்குப் போகச் சொல்லல ஆத்தா. விழலைன்னா போகணும்." அந்தக் காலத்தில் ரேடியோ நாடகத்தை நேரடியாகவே பேசுவார்கள். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

சின்னமனூரில் எங்கள் முற்றத்தில் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. ரேடியோ ஒழுங்காகத்தான் பேசியது. லேசான இரைச்சல், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, என்னைத் தவிர. அத்தைமாருக்கு அலைநீளம் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். நாடகத்து எஜமானர் "யாரங்கே?" என்று கூப்பிட்டார்.

"இந்தா, அவுகதேன்" என்று அக்கா முன்னால் நகர்ந்தாள்.

துல்லியமாகக் கேட்கட்டுமே என்று குமிழை ஒரு நூல் திருகினேன்.

மேற்கு மலையைத் தாண்டி மலையாள நிலையம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவர் கனத்த குரலில் செய்தி வாசித்தார். வலப்பக்கம் திருகினேன், இடப்பக்கம் திருகினேன், பெட்டியைத் தட்டினேன், ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடிமரம் மாதிரி நின்றேன். தமிழ் திரும்பி வந்தபோது நாடகம் முடிந்து நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா துண்டை உதறினார். "மாப்பிள்ளை ரேடியோவுலயே மலையேறிட்டாகளே."

தெரு சிரித்தது. (எங்கள் பக்கம் மலையேறுவது என்றால் எல்லை தாண்டித் தோட்ட வேலைக்குப் போவது.) அப்பா சொன்ன சொல்லில் நின்றார்.

ஊர் திரும்பிய மச்சான் அக்காவிடம் முதலில் கேட்டது, "கேட்டியா?"

"கேட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அது சிரிக்கிற எடமாச்சே" என்றார் மச்சான்.

வேறெதுவும் கேட்கவில்லை. திருகியது நான் என்று ஊர் சொல்லியிருக்கும், நான் சொல்லவில்லை. அந்த வாரமே குமுளி பஸ் ஏறினார். அதன் பிறகு நாடகத்தின் பக்கமே போகவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவருவார். அதைக் கை நீட்டி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

இன்றைக்கும் வீட்டில் செல்போன் சிக்னல் போனால், "மலையேறிருச்சு, தாத்தா தொட்டாரா?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆனாலும் சிரித்து வைக்கிறேன். போன பொங்கலுக்கு அக்காவின் பேத்தி, அப்படி என்னதான் வசனம் என்று கேட்டாள். மச்சான் இப்போது இல்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்த எங்களில் ஒருவரும் அதை அவரிடம் கேட்டதில்லை.