எட்டுப் பல் புன்னகை

மனித குலம் எப்போது சிரிக்கக் கற்றுக்கொண்டது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த நாலு மாடி ஓட்டலைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை: திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. அன்றுதான் அங்கே ‘விருந்தோம்பல் திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ தொடங்கியது. அதற்கு முன் தங்கிப்போனவர்கள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம்.

மூன்றாம் மாடி அக்கா பதினெட்டு வருஷமாக அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிறவள். படுக்கை விரிப்பை ஒரே உதறலில் போடுவாள்; நாலு மூலையும் சொன்ன பேச்சுக் கேட்கும். என்ன இருந்து என்ன? சான்றிதழ் இல்லை. தேறாதவர்களுக்கு அடித்தளத்துச் சலவை அறைதான் என்று மேனேஜர் அறிவித்திருந்தார். ஜன்னல் இல்லாத இடம், நாளெல்லாம் நீராவி. அக்காவுக்கோ ஆஸ்துமா.

பயிற்றுநர் கோட்டும் கையில் ஸ்கேலுமாக வந்தார்.

“புன்னகைன்னா எட்டுப் பல் தெரியணும். ஆறு தெரிஞ்சா அலட்சியம். பத்து தெரிஞ்சா அத்துமீறல்.”

“எனக்கு மேல ரெண்டு பல்லு இல்லையே சார்?” என்றாள் அக்கா.

அவர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “அதுக்கு விதி இல்லம்மா. கீழ் வரிசையில ஈடு கட்டுங்க.”

மூன்று நாள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று அக்கா ஈடு கட்டினாள். “யாரைம்மா கடிக்கப் போற?” என்று மகள் பயந்து கேட்டாள்.

வியாழக்கிழமை தேர்வு. சமையல்காரர் முதல் வரவேற்பறைப் பெண்வரை அத்தனை பேரும் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு பயிற்றுநர் ‘மாதிரி விருந்தாளி’யாக நுழைந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே வரவேற்பறை மணி அடித்தது. கண்ணாடிக் கதவு வழியே ஒரு தம்பதியும் அழுகிற குழந்தையும் தெரிந்தார்கள்.

“சார், விருந்தாளி வந்திருக்காங்க” என்றாள் அக்கா.

“யாரும் அசையக் கூடாது!” மேனேஜர் பயிற்றுநரைக் காட்டினார். “விருந்தாளி இவருதான்.”

மணி மறுபடி அடித்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, நழுவிவிட்டாள். அரை மணி கழித்துத் திரும்பியபோது அவள் பெயருக்கு நேரே ‘விருந்தோம்பலுக்கு வரவில்லை’ என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரம் அந்தத் தம்பதியிடமிருந்து கடிதம் வந்தது. ‘ஓர் அக்கா எங்களைச் சொந்தப் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டார்.’ மேனேஜர் அதற்குச் சட்டம் போட்டு, ‘பயிற்சியின் பலன்’ என்று தலைப்பிட்டுச் சுவரில் மாட்டினார். பயிற்றுநருக்கு இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. அக்காவுக்குக் கருணையோடு மறுதேர்வு.

ஒரே கேள்வி. “இந்தக் கடிதத்துல வர்ற ஊழியர் எந்தத் திறனைப் பயன்படுத்தினாங்க?”

“கொழந்தை வாந்தி எடுத்திருந்துச்சு சார். சட்டையக் கழட்டித் தொடச்சுவிட்டேன்.”

“தேர்வுல சொந்தக் கதை பேசக் கூடாது. சரியான விடை, ‘மூன்றாம் நிலைப் பரிவு’.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. பயிற்றுநர் உடனே ஸ்கேலை எடுத்து அளந்தார். ஆறு பல்.

‘அலட்சியம்’ என்று பதிவானது. சலவை அறைக்கு மாற்றல் உத்தரவும் கையோடு வந்தது. அலட்சியம் யாருடையது என்று எழுத மட்டும் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.