வாளி வைத்த அறை

ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழாமல், நேராக அவருடைய தலையணையில் விழுந்துகொண்டிருந்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தார். அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் போயிற்று. அலமாரியை நகர்த்தினால் குளியலறைக்கு வழி இல்லை. கடைசியில் தலைமாட்டைக் கால்மாடாக்கி, கால் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார்.

"கடல் எந்தப் பக்கம்?" என்றாள் மனைவி, ஜன்னல் திரையை விலக்கியபடி.

ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் இருந்தது.

"அதுக்குப் பின்னாடி."

"போன வருஷமும் அதுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு." திரையை மூடினாள். "துண்டு ஒண்ணுதான் வெச்சிருக்காங்க. கேட்டுட்டு வர்றேன்."

வரவேற்பறைக்குப் போனவள் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள்.

"துண்டு?"

"இல்லையாம்."

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர். வருடம் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்ற புகாரைக் கேட்டுக் காது மரத்துப்போனவருக்கு, விடுமுறையில் மட்டும் கேட்காமலே தண்ணீர் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முகமும் இறுகிப்போயிருந்தது. வீட்டில் அவர் சிரித்த புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதில் கொஞ்சம் சுமாரானது அலுவலக அடையாள அட்டையில் உள்ள படம்தான்.

இந்த அறை அவர்களுக்குச் சொந்தம். அதாவது, வருடத்தில் ஒரு வாரம் மட்டும் சொந்தம். ஒரே அறையை வாரம் வாரமாக நறுக்கி ஊரிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் விற்றிருந்தார்கள். கண்காணிப்பாளர் குடும்பத்துக்கு வாய்த்தது மழைக்காலத்தில் ஒரு வாரம், ஆயுள் முழுக்க. ஒரு வணிக வளாகத்தில் இலவசச் சாப்பாடு என்று அழைத்து, குளிர்ந்த அறையில் உட்காரவைத்துக் கடல் படம் காட்டியபோது, "உங்களுக்கும் ஒரு ஓய்வு வேணும்ல" என்றாள் மனைவி. அவளுக்கு ஆசை வந்துவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டார். அதன்பின் வருடா வருடம் அவள் முன்கூட்டியே பெட்டி கட்டுவதையும், தங்கைக்குப் போன் போட்டு "எங்க ரிசார்ட்டுக்குக் கிளம்பறோம்" என்று சொல்வதையும் பார்க்கும்போது, வாய் திறக்க மனம் வரவில்லை.

ஆனால் இந்த முறை ஒரு முடிவோடு வந்திருந்தார். எப்படியாவது இதைத் தலைமுழுகிவிடுவது. ஊருக்குப் போய், ரிசார்ட்டை இழுத்து மூடிவிட்டார்கள் என்று அவளிடம் சொல்லிவிடுவது. இன்னொரு வருடம் இந்தக் கட்டிலில் கால் நனைய அவரால் முடியாது.

"கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வரவேற்பறைக்குப் போனார்.

"ஏம்மா, இதைத் திருப்பிக் குடுக்கணும்னா என்ன செய்யணும்?"

வரவேற்புப் பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்களுமா சார்?"

"நிறைய பேர் கேக்கறாங்களோ?"

"கேக்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி திருப்பி எடுத்துக்காது சார். நீங்களே ஒருத்தரைப் பிடிச்சுக் குடுத்தா பேர் மாத்தலாம். உங்க பக்கத்து ரூம்ல ஒரு பல் டாக்டர் தங்கிப் பார்க்க வந்திருக்கார். வாங்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மனசா இருக்கார்."

"என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அவளுக்கு இந்த இடம்னா உசிரு."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில், பல் டாக்டர் ரொட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர். எதிரில் அவர் மனைவி. கண்காணிப்பாளர் தட்டோடு பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க ரொம்ப வருஷமா வர்றீங்களாமே. இடம் எப்படி?" என்றார் டாக்டர்.

"சொர்க்கம்."

டாக்டர் உற்றுப் பார்த்தார். "வாய் சொல்லுது. முகம் சொல்லலையே."

கண்காணிப்பாளர் சிரித்தார். ரொம்ப நாளாகத் திறக்காத கதவு போலத் தாடை கிறீச்சிட்டது. காபியோடு வந்துகொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"கீழ் வரிசைல ஒண்ணு ஆடுதே," என்றார் டாக்டர். "இன்னொரு தடவை சிரிங்க, பார்ப்போம்."

இன்னொரு தடவை சிரித்தார். உள்வரைக்கும் தெரியவேண்டும் என்று டாக்டர் கேட்டதால் வாய்விட்டே சிரித்தார். சத்தம் கேட்டு ரிசார்ட் மேனேஜர் ஓடி வந்தார். இந்தக் கூடத்தில் இதற்குமுன் சத்தம் என்றால் சண்டைதான். சிரிப்பு என்று தெரிந்ததும் கண் கலங்காத குறையாகப் போனை எடுத்துப் படம் பிடித்தார். மத்தியானத்துக்குள் அந்தப் படம் பெரிதாகி வரவேற்பறைச் சுவரில் ஏறிவிட்டது.

"சார், உங்ககிட்ட ஒரு உதவி," என்றார் மேனேஜர். "காலைல கடற்கரையில சிரிப்பு வகுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். யாரும் வர்றதில்ல. நீங்க முன்னாடி நின்னா..."

முடியாது என்று சொல்ல நினைத்தார். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன, நிக்கலாமே."

அன்றிலிருந்து விடிந்ததும், தூறலில், குடை பிடித்த சில பேருக்கு முன்னால் நின்று கண்காணிப்பாளர் சிரித்தார். வயிற்றிலிருந்து சிரித்தார், கையைத் தூக்கிச் சிரித்தார். வாய்க்குள் மணல் போயிற்று. மூன்றாம் வரிசையில் நின்ற மனைவி சிரிக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரின் மனைவிக்கு வகுப்பு பிடித்துப்போக, அவர்களைக் குஷிப்படுத்தப் பச்சை நிற நீச்சல் குளத்திலும் இறங்கினார். ஏறி வந்தபோது பல் கிட்டிப்போய், ஆடிய பல் இன்னும் கொஞ்சம் ஆடியது.

அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தவரின் பக்கத்தில் மனைவி உட்கார்ந்தாள். கால்மாட்டில் தூக்கி வைத்திருந்த வாளியில் தண்ணீர் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு இங்க பிடிச்சிருக்கா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருமினார். அட்டையைவிடக் கொஞ்சம் கெட்டியான சுவர்.

"பிடிக்காம?" என்றார் சுவரைப் பார்த்து, சத்தமாக. "வருஷம் முழுக்க இந்த ஒரு வாரத்துக்காகத்தானே நான் வேலைக்கே போறேன்."

"ஓ," என்றாள். கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாமப் போச்சே."

அடுத்த நிமிடம் கதவு தட்டப்பட்டது. டாக்டர் தம்பதி. "உங்க பேச்சு தற்செயலாக் காதுல விழுந்துச்சு," என்றார் டாக்டர், கூச்சத்தோடு. "அப்படி என்னதான் இருக்குன்னு உங்க ரூமைப் பார்க்கலாமேன்னு..."

பார்த்தார்கள். ஜெனரேட்டரைப் பார்த்தார்கள். வாளியைப் பார்த்தார்கள்.

"இது என்ன, ஒழுகுதா?"

"இதுவா?" கண்காணிப்பாளருக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. "இந்தச் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராது டாக்டர். ஊருக்குப் போனா ஒரு வாரத்துக்கு இதை நினைச்சே ஏங்குவேன்."

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா, ஒரு தாளம் இருக்கு." மனைவியிடம் திரும்பினார். "நம்ம ரூம்ல இது இல்ல, பார்த்தியா."

பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். "சார், சிரிப்பு வகுப்புக்கு எங்களோட சின்ன நன்றி. மாடியில கடலைப் பார்த்த ரூம் காலியாயிருக்கு. இப்பவே மாறிக்கலாம்."

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். இத்தனை வருடங்களில் முதல்முறையாகக் கடல் அவரைத் தேடி வந்திருந்தது.

"வேண்டாம்," என்றார். "இந்த ரூமை விட்டு எங்கயும் போகமாட்டேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஜெனரேட்டர் புகை என்று நினைத்தார்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், "துண்டு கேட்டுட்டு வர்றேன்," என்று அவள் எழுந்து போனாள். இந்தத் தடவையும் வெறுங்கையோடுதான் வந்தாள். ஆனால் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அவருக்குப் பிடித்த மாதிரி காபிகூட வாங்கி வந்திருந்தாள். பாவம், அடுத்த வருடம் இடிந்து போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தார்.

புறப்படும் நாள் காலையில், இனிமேல் லீவு கிடைக்காது என்று சொல்லி அவர் நீட்டிய பேர் மாற்றும் தாளில் பல் டாக்டர் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளருக்கு ஒரு நொடி உறுத்தியது. ஆனால் டாக்டர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க உசிரையே எங்களுக்கு விட்டுக் குடுத்திருக்கீங்க," என்று நெகிழ்ந்தபோது, உறுத்தல் அடங்கிவிட்டது. அந்தப் பல்லை இலவசமாகவே பிடுங்கிவிடுவதாகவும் டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

மனைவி வெளியே டாக்ஸியில் ஏறியாயிற்று. கண்காணிப்பாளர் வரவேற்பறையில் சாவியை வைத்தார். சுவரில் அவருடைய படம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வாரத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமல், அவருக்குத் தானாகவே சிரிப்பு வந்தது.

"அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்," என்றாள் வரவேற்புப் பெண்.

"இனிமே எதுக்கும்மா வரப்போறேன்? அதான் பேர் மாத்தியாச்சே."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வந்த அன்னிக்கே மேடம் தனியா வந்து, 'அவருக்காகத்தான் வருஷா வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றேன், இதைத் திருப்பிக் குடுக்க வழி சொல்லும்மா'ன்னு கேட்டாங்க சார்; நேத்து சாயங்காலம் திரும்ப வந்து, 'அவர் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல'ன்னு அழுதுட்டு, வாளி வெச்ச அதே ரூம்ல உங்க வாரத்துக்கு அடுத்த வாரத்தையும் சேர்த்து அவங்க பேர்ல ஆயுசுக்கும் எழுதி வாங்கிட்டாங்களே."