பின் ஸ்பீக்கர் இரண்டும் பெரியம்மா வீட்டில்

"இந்தப் பின்பக்க ஸ்பீக்கர எங்கங்க வைக்கிறது? அடுப்புக்குள்ளயா?" என்றாள் மல்லிகா.

சுரேந்திரன் ஹோம் தியேட்டர் பெட்டியில் இருந்த படத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். படத்தில் ஒரு வெள்ளைக்காரன் நடு வீட்டில் சோபாவில் சாய்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் தள்ளி இரண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் சோபா போட்டால் அதன் முதுகு சுவரில்தான் முட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பாயி பெரியம்மா வீடு.

நல்லவேளை, லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அடுத்த வீட்டில் சோறு இறங்கும். சுரேந்திரன் கதிரை மேல் ஏறினான்.

"பெரியம்மா, ரெண்டு ஸ்பீக்கர ஒங்க அலமாரி மேல வச்சுக்கவா?"

"வச்சுக்க தம்பி. நீ சின்னப்புள்ளையா இருக்கயில அவரு செத்ததுலருந்து வீடு சத்தமே இல்லாமத்தான கெடக்கு. நான் ருவான்வெல்லைக்கு மக வீட்டுக்குப் போறேன், ஞாயித்துக்கெழம வந்துருவேன்."

இவ்வளவும் ஒரு கேசட்டுக்காக. போன வருடம் அம்மா செத்த பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'சுரேந்திரன் அப்பா, காமன் கூத்து, 1986.' அவனுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே அப்பா போய்விட்டார். அப்பா என்றால் அவனுக்கு அடையாள அட்டைப் படம்தான். ஒரு தடவையாவது அவர் குரலைக் கேட்டுவிட வேண்டும். அதுவும் வருகிற ஞாயிறு, அவருடைய திதியன்று.

தெரணியகலை பஜாரில் போன் கடை வைத்திருந்த இப்திகார் நானா கேசட்டை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால், கிணற்றுக்குள் விழுந்தவன் பாடுகிற மாதிரி இருந்தது.

சுரேந்திரன் திரீவீலை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் பறந்தான்.

"பிட்ரேட் பத்தல்ல தம்பி," என்றார் நானா. "ஒரு செக்கனுக்கு எவ்வளவு சத்தம் உள்ள வருதுங்கிற கணக்குதான் அது. நான் போட்டது அறுபத்திநாலு. சின்ன பைப். முந்நூத்தி இருபதுல போட்டுத் தாரன்."

முந்நூற்றி இருபதில் பாட்டு தெளிந்தது. கூடவே ஒரு குழந்தையின் அழுகையும் தெளிந்தது. அதை எவனோ இருமி இருமித் தேற்றிக்கொண்டிருந்தான்: "அழாதடா ராசா, அழாதடா."

"இன்னும் பெரிய பைப்பு இல்லையா நானா?"

"ஈக்கி, ஏன் இல்லாம? ஒரு தூசியையும் விடாம அப்பிடியே எடுக்கலாம்."

அப்படியே எடுத்தார். அன்றைக்குக் குழந்தை ஐந்து ஸ்பீக்கரிலும் அழுதது. பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மல்லிகா சோப்புக் கையோடு ஓடி வந்தாள்.

"யாரு வீட்டுப் புள்ளைங்க? விழுந்துருச்சா?"

"கூத்துக்குப் போறவன் கைப்புள்ளையத் தூக்கிட்டுப் போவானா? அந்த மடையன் மட்டும் என் கையில கெடைச்சான்..." என்று பல்லைக் கடித்தான் சுரேந்திரன்.

மூன்றாம் தடவை போனபோது நானாவே இரங்கிவிட்டார்.

"அந்த இரைச்சல அழிச்சிருங்க நானா."

"அழிக்க மனசு வருதில்ல தம்பி. பழைய சாமான். கம்ப்யூட்டர்ல ரெண்டையும் பிரிச்சிரலாம். பாட்டு முன் ஸ்பீக்கருக்கு, மத்ததெல்லாம் பின்னுக்கு. ஹரியா?"

சுரேந்திரனுக்கு வாயெல்லாம் பல். பின் ஸ்பீக்கர்தான் பக்கத்து வீட்டில் இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா படத்துக்கு மாலை போட்டுப் படையலும் வைத்த பிறகு பொத்தானை அழுத்தினான். கணீரென்று எழுந்தது குரல். குழந்தையும் இருமலும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்தன. ரதி அழும் இடத்தில் அந்தக் குரல் இறங்கிக் குழைந்தபோது சுரேந்திரனால் தாங்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்காத குரல். நாற்பது வயது ஆண்பிள்ளை என்கிற வெட்கமெல்லாம் விட்டு அழுதான்.

"மாமாவுக்கு என்னா குரலுங்க!" என்று மல்லிகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ விசும்புவது கேட்டது. காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த பெரியம்மாவின் ஞாபகம் அவனுக்கு அப்போதுதான் வந்தது.

"பெரியம்மா, இரைச்சலா இருந்தா வயரக் கழட்டிருங்க!" என்று கத்தினான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கருப்பாயி பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். பாடுகிற ஸ்பீக்கரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கழட்டச் சொல்லாத சாமி. இங்க பாடுறது எங்க வீட்டு மனுசன். டேப்பு புடிச்ச ஒங்கப்பா, அங்க எங்க வீட்டுல, ஒன்னயத் தோள்ல போட்டு 'அழாதடா ராசா'ன்னு ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு. நீ அங்க போ, நான் இங்க ஒக்காந்துக்கிறேன்."