உஸ் ராவுத்தர் வீடு

வாடிக்கைக்காரர் வாயைத் திறந்தால் கடையைச் சாத்திவிடுவேன் என்று மிரட்டி மளிகை வியாபாரம் செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். கொடைக்கானல் கடைத்தெருவில் அவருக்குப் பெயர் உஸ் ராவுத்தர். எனக்கு அத்தா, பெற்ற தகப்பன்.

எல்லாம் என் தம்பி காதரால் வந்தது. ஒரு தடவை கேட்டதை, சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வான். எட்டு வயதில், கடைக்கு வந்த துரை படித்துக் காட்டிய ஒரு பக்க இங்கிலீஷைத் துரையின் இருமலோடு ஒப்பித்தான். அன்றே அத்தா முடிவுகட்டினார்: பையன் பாரிஸ்டர். தலைக்குள் வெட்டிப்பேச்சு போனால் சட்டத்துக்கு இடம் இருக்காது.

"இனிமே இந்த வீட்ல பேச்சுச் சத்தம் கேக்கக் கூடாது."

பள்ளிக்கூடம் போகும் வழியில் அவன் காதில் பஞ்சு அடைத்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு என்பதால் கடையிலும் அதே சட்டம்.

பூண்டு விற்க வந்த மேல்மலை விவசாயி ஒருநாள் கேட்டார்: "என்ன ராவுத்தரே, வெல கேக்கவும் வாயத் தொறக்கக் கூடாதாங்க?"

"உஸ். பய உள்ள இருக்கான். வெரலக் காட்டுங்க."

அவர் காட்டிய விரல் விலை கேட்கிற விரல் அல்ல.

வீட்டில் உப்பு வேண்டுமென்றால் அம்மா நாக்கைத் தொட்டுக் காட்டுவாள். புளிக்கு முகத்தைச் சுளிப்பாள். அத்தா அதைக் கோபம் என்று நினைத்ததில் ஒரு வாரம் புளியில்லாமல் தின்றோம். எனக்கு அடி விழும்போதும் நான் சத்தம் போடக் கூடாது. நான் சாதாரணப் பிள்ளை. என் தலைக்குள் எது போனால் யாருக்கு என்ன?

மூன்று வருஷம் இப்படியே போனது. கைக்குழந்தையாக இருந்த தங்கை மரியத்துக்கு மூன்று வயதாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் ஊமையா என்று அம்மா கையால் கேட்டாள். அத்தா பார்க்காததுபோல் கடைக்குப் போய்விட்டார்.

ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கி வீடு இருண்டு கிடந்தது. அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் தாலாட்டுப் பாடியது. அம்மாவோ என் எதிரில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். மெதுவாகத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தோம். மரியத்தை மடியில் போட்டுக்கொண்டு காதர் பாடிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் கேட்ட பாட்டு. அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். குழந்தை அவன் கன்னத்தைத் தடவி, தெளிவாகச் சொன்னது:

"அம்மா."

பாட்டுச் சத்தம் கேட்டு வந்த அத்தா உதட்டில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா குழந்தையிடம் ஓடினாள். "நாந்தாம்மா ஒன்னப் பெத்தவ" என்றாள். துருப்பிடித்த கதவுபோல வந்தது குரல். மரியம் பயந்து காதரின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அத்தா கடையைச் சாத்திவிட்டு, மரியத்தை மேஜைமேல் உட்காரவைத்தார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார்.

"இது மல்லி, கண்ணு. இது மொளகா. இது சீரகம்."

குழந்தை அவர் வாயையே பார்த்தது. அவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். கடைசி டப்பாவும் முடிந்ததும் திணறி நின்றார், கண்ணில் தண்ணீர்.

அந்த மூன்று வருஷத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் அப்போது பக்கத்தில் போய்ச் சொன்னேன்:

"சோம்ப விட்டுட்டீங்கத்தா."